பூங்கா இடத்தில் எதை வைப்பது? புல்தரை, தேன்பெட்டி, குறுங்காடு, மானாவாரிப் பூந்தோட்டம்: ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் எந்தச் சாலையில் ஊரைத் தாண்டினாலும் புது மனைப்பிரிவுகள்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுக்கிய ‘பூங்கா இடம்’ பல மனைப்பிரிவுகளில் முள்ளும் கட்டடக் குப்பையுமாகக் கிடக்கிறது. அதைச் சீர்செய்யலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்செடுத்தால் நான்கு யோசனைகள் வரும். புல்தரை போட்டு அழகுச்செடி வைக்கலாம், தேன்பெட்டி வைக்கலாம், மியாவாக்கி முறையில் குறுங்காடு வளர்க்கலாம், இல்லையென்றால் நம்மூர்ச் செடிகளையே மழையை நம்பிப் பூக்க விடலாம். கடைசி யோசனைக்குக் கை தூக்குபவர்கள் குறைவு. ஆனால் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் ஈக்கும் உதவுவதுதான் நோக்கம் என்றால் அதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

ஒப்பிடுவதற்கு முன் யாருக்காக இந்தத் தோட்டம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உண்டு. அடை கட்டித் தேன் சேர்க்கும் தேனீ இனங்கள் ஒரு டஜனைத் தாண்டாது. மற்றவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தே வாழ்கின்றன. பெண் தேனீ தானே வளை தோண்டி, தானே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். மொத்தத் தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு வைப்பவை.

நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் பெங்களூரா மரத்தடியில் நின்று ஒரு பூங்கொத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் தெரியும். பச்சை ஈ, வீட்டு ஈ, தேனீ மாதிரியே மஞ்சள் பட்டை போட்ட மலர் ஈ, இடையிடையே எறும்பு, கொசுத்தேனீ. மாம்பூவின் மகரந்தத்தைக் கடத்துவதில் பெரும்பங்கு இந்த ஈக் கூட்டத்துடையது. பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளுக்குப் போகும் தக்காளிக்கும், வீட்டுக் கொல்லைக் கத்தரிக்கும் வேறு ஆள் வேண்டும். அந்தப் பூக்களின் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். நீலப்பட்டைத் தேனீ மஞ்சள் கூம்பைக் கவ்விக்கொண்டு, உடலை வளைத்து, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். ‘ங்ங்’ என்று சுருதி கூடிக் கேட்கும், அடுத்த நொடி அதன் வயிற்றில் மகரந்தத் தூள் பீறிட்டு விழும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவுக்கோ, காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு என்னும் பெரிய தேனீதான் முக்கியம்.

இத்தனை பேருக்கும் தேவையானவை மூன்று: வருடம் முழுக்கப் பூ, கூடு வைக்க இடம், மருந்து படாத சூழல். நான்கு யோசனைகளையும் இந்த மூன்றை வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

புல்தரையும் அழகுச்செடியும்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெக்சிகன் புல்லும் கோல்டன் துரந்தா வேலியும் நடுவில் பேவர் பிளாக் நடைபாதையும் போட்ட இடம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடலாம், அது பெரிய நன்மைதான். ஆனால் பூச்சிக்கு அங்கே சாப்பாடும் இல்லை, வீடும் இல்லை. வெட்டிக்கொண்டே இருக்கும் புல் பூக்காது. அடுக்கு இதழ் ரோஜா, அடுக்குச் செண்டுமல்லி போன்றவற்றில் மகரந்தம் தரவேண்டிய பகுதியே இதழாக மாறியிருக்கும். இட்லிப்பூவின் நீண்ட குழாய்க்குள் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் எட்டும், சின்னத் தேனீயின் நாக்கு எட்டாது. நர்சரிச் செடி சிலவற்றில் சாறு வழியாகப் பரவும் பூச்சிமருந்தும் கலந்தே வரும். வருடத்துக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும் ஊரில், கோடையில் தினமும் போர்வெல் தண்ணீர் கேட்கும் புல்லை, ஓர் உதாரணத்துக்கு ஐந்து சென்ட் இடம் என்று வைத்துக்கொண்டால், அது முழுக்க விரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விளையாட ஒரு மூலை புல்தரை போதும்.

தேன்பெட்டி

‘தேனீயைக் காப்போம்’ என்றதும் எல்லார் மனதிலும் வருவது பெட்டிதான். நல்ல எண்ணம். இந்தியத் தேனீயை வளர்க்கும் மரப்பெட்டி ஒன்றுக்கு மேசை அளவு நிழல் போதும். சட்டத்தைத் தூக்கி அடையைக் காட்டினால் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். சுற்றியுள்ள தென்னை, பூசணி, சூரியகாந்திக்கும் பலன் உண்டு. தோட்டக்காரர் ஒருவர் தன் நிலத்தில் பெட்டி வைப்பதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

ஊருக்குள் இருக்கும் பூங்கா இடத்தில் கணக்கு வேறு. பெட்டியை வைப்பதால் ஒரு பூ கூடக் கூடுதலாகப் பூக்காது. அதில் இருக்கும் பல்லாயிரம் தேனீக்கள் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பூக்களைத்தான் தேடிப் போகும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும், வைகாசி, ஆனியில் புளியும் பூக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆடிக் காற்றில் பூ குறையும்போது, இருநூறு முந்நூறு மீட்டருக்கு மேல் பறக்க முடியாத சின்னத் தேனீக்கள் இந்தப் பெரும்படையோடு போட்டி போட வேண்டிவரும். பெட்டிக்கு நாம் சர்க்கரைப் பாகு வைப்போம், மண்ணுக்குள் குடியிருப்பதற்கு யார் வைப்பது?

அதோடு பெட்டிக்கு ஆள் வேண்டும். மெழுகு அந்துப்பூச்சி, எறும்பு, குளவி பார்த்துக்கொள்ள வேண்டும். கவனிப்பு குறைந்தால் இந்தியத் தேனீ கூட்டத்தோடு கிளம்பிவிடும். நோய் இன்னொரு கவலை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவி, இந்தியத் தேனீக் கூடுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் அதில் பட்ட பாடு பெரிது. வெளியூரிலிருந்து வரும் பெட்டி நோயையும் கொண்டுவரலாம் என்பதை மறக்கக் கூடாது.

தேனீக் கூடு ஒன்று கண்முன் இருக்க வேண்டும் என்று சங்கம் ஆசைப்பட்டால், ஏற்கெனவே இருப்பவற்றைக் காப்பாற்றலாம். கொசுத்தேனீ பழைய சுவர்ப் பிளவிலும் மின்மீட்டர்ப் பெட்டிக்குள்ளும் குடியிருக்கும். வாசலில் மெழுகும் பிசினும் கலந்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். அதற்குக் கொடுக்கு கிடையாது. வெள்ளையடிக்கும்போதும் சிமென்ட் பூசும்போதும் அந்தக் குழாயை மட்டும் விட்டுவிடச் சொன்னால் போதும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் தொங்கும் மலைத்தேனீ அடை விஷயம் வேறு, அது ஆபத்தானதுதான். ஆனால் அது இடம்பெயரும் இனம், பருவம் மாறினால் தானே போய்விடும். எட்டாத உயரத்தில் இருந்தால், கல்லெறியாமல், கீழே நெருப்பு மூட்டாமல், ஆட்கள் அண்டாதபடி கயிறு கட்டிவிட்டுப் பொறுத்திருக்கலாம். பள்ளி வாசல் போன்ற இடமென்றால் மட்டும் பழகியவர்களைக் கூப்பிட்டு அகற்றுவது நியாயம்.

மியாவாக்கி குறுங்காடு

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை இது. ஆழமாக மண்ணைத் தோண்டி, எருவும் உமியும் கலந்து நிரப்பி, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடுவார்கள். ஐந்து சென்ட் என்றால் சுமார் 200 சதுர மீட்டர், அதாவது 600 முதல் 800 கன்று. இரண்டு மூன்று வருடம் தண்ணீர் விட்டுக் களையெடுத்தால் அதன்பின் தானே வளரும். நிழல், குளிர்ச்சி, பறவை, தூசு தடுப்பு இவற்றில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு என்றால் சாலையோர வரிசைக்கு நானே இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் மகரந்தப் பூச்சிகளை வைத்துப் பார்த்தால் இது இரண்டாமிடம்தான். மேலே மரங்களின் இலைக்கூரை மூடிக்கொண்டதும் தரைக்கு வெயில் இறங்காது. பூ என்று வந்தால் உச்சியில்தான் வரும், கீழே தும்பையோ துளசியோ நிற்காது. நிழலடித்து இலைமக்கு மூடிய மண்ணில், வெயில் காயும் தரையைத் தேடும் தேனீக்கள் கூடு வைக்கா. இன்னொன்றும் உண்டு. நம் மண்ணின் இயல்பு வறண்ட முட்புதரும் இலையுதிர் காடும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைச் சரிவைப் பார்த்தாலே தெரியும்: மரத்துக்கு மரம் இடைவெளி, நடுவே புதர், பாறை, புல். அந்த இடைவெளியில்தான் பூச்சிகள் வாழ்கின்றன. வனத்துறை நாற்றங்காலில் புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை, கொன்றைக் கன்று கிடைத்தால், நெருக்காமல் ஓரத்தில் ஏழெட்டு நடுவது பூச்சிக்கும் நல்லது, தண்ணீருக்கும் சிக்கனம். அழகுக்காக ஆப்பிரிக்கத் துலிப் மரத்தை மட்டும் நட்டுவிடாதீர்கள். அதன் பூச்சாறு கொசுத்தேனீக்களைக் கொல்லும்.

மானாவாரிப் பூந்தோட்டம்

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லை ஓரத்தில் மஞ்சள் கரை கட்டினாற்போல் உச்செள்ளு என்னும் எண்ணெய்வித்துப் பயிர் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேயெள் என்றும் சொல்வோம். பையூர் ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. தன் பூவின் மகரந்தத்தால் தானே காய்க்காத பயிர், பூச்சி வந்தே ஆக வேண்டும். அதனால் பூச்சியை இழுப்பதிலும் கெட்டி. ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் பூவாகி நிற்கும். அதனோடு துவரையும் மொச்சையும் சேர்த்தால் மார்கழி வரை பூ தொடரும், காயும் பறிக்கலாம். இவற்றில் எதற்கும் போர்வெல் தேவையில்லை, மழை போதும்.

நிரந்தரமாக நிற்க ஆவாரையும் நொச்சியும் துளசியும். ஆவாரம்பூவும் கத்தரி மாதிரியே அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும், கருவண்டு அதை விடாது. ஆவாரை இலையிலும் கொன்றை இலையிலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப்புழு இருந்தால் மருந்தடிக்காதீர்கள், அது ஆரஞ்சு நிற வரியன் வண்ணத்துப்பூச்சியாகும். சிவந்த உடலும் கறுத்த இறக்கையும் கொண்ட அழகி ஒருத்தி ஆடுதீண்டாப்பாளையைத் தேடி வருவாள், அதைக் களை என்று பிடுங்கினால் அவள் பிள்ளைகளுக்குச் சோறில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரையும் பூளையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். தெருமுனையில் நம் சங்கத்து இடத்திலேயே அவை பூத்துக் கிடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கூடு வைக்கும் இடம்தான் இந்த முறையின் பெரிய பலம். வெயில் படும் சரிவாக இரண்டு மூன்று சதுர மீட்டர் வெறும் செம்மண், கொஞ்சம் காய்ந்த முருங்கைக் கட்டை, ஒரு குட்டி மண்சுவர். அவ்வளவுதான். சில மாதத்தில் பென்சில் தடிமனில் துளைகள், சுற்றி எறும்புப் புற்றுபோல் பொடிமண். கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்தால், கால் முழுக்க மஞ்சள் பூசிய தேனீ நேராக வந்து துளைக்குள் நுழைவதைப் பார்க்கலாம். பக்கத்தில் நின்றாலும் கொட்ட வராது.

குறைகளும் உண்டு. ‘புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வரும்’ என்ற புகார் கட்டாயம் வரும். பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது. குப்பையை அகற்றி, வழியோரம் ஒரு மீட்டருக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி, கல்வரிசை வைத்து, என்ன வளர்க்கிறோம் என்று பலகை எழுதிவைத்தால் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டுமென்றே வளர்த்தது என்று புரியும். கோடையில் இரண்டு மாதம் காய்ந்துதான் தெரியும், அதை மறைக்க முடியாது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கியாக வேண்டும். உண்ணிச்செடியில் எவ்வளவு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தாலும் அதை உள்ளே விடக் கூடாது, மேலகிரிக் காட்டை அது படுத்துகிற பாடு போதும். களைக்கொல்லிக்கு இங்கே இடமே இல்லை, கைக்களைதான். சங்கத்து உறுப்பினர்கள் முறை வைத்து இறங்கினால் தாங்கும். இறங்க ஆளில்லாத சங்கத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களுக்கு ஓரத்தில் மரக்கன்று நடுவதே பொருத்தம்.

எது எப்படியானாலும் கொசுப்புகையைப் பற்றி நகராட்சியில் பேசியாக வேண்டும். பூச்சிகள் கூடடைந்தபின், நன்றாக இருட்டியதும் புகை அடித்தால் பாதிப்பு குறையும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுத வேண்டும். நம் பூங்கா இடத்தில் காணும் செடிகளையும் பூச்சிகளையும் அதில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பதிவில் ஏறிய இடத்தைச் சிமென்ட் போட்டு மூடும் முன் யாரும் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

என் பிரிவினை இதுதான். ஐந்து சென்டில் ஒரு சென்ட் பிள்ளைகளுக்குப் புல்தரை. வடக்கு, மேற்கு ஓரத்தில் இடைவெளி விட்டு மரங்கள், அப்போதுதான் நிழல் மாலையில் மட்டும் விழும். மீதி மூன்று சென்டுக்குக் குறையாமல் மானாவாரிப் பூவும் வெறும் மண்ணும். பெட்டி வேண்டாம். உச்செள்ளு விதையைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளிடம் ஆடிக்குள் சொல்லி வாங்கிவைத்து, முதல் நல்ல மழைக்குப் பின் மணலோடு கலந்து தூவுங்கள். விதை பொடி என்பதால், மணல் சேர்க்காவிட்டால் ஒரே இடத்தில் விழுந்துவிடும்.