கியர் நாப் மாற்றக் கொடுத்தேன், ரிவர்ஸ் கியர் போனது

கியர் லீவரின் தலையில் கை பிடிக்கும் நாப்பின் மேல்தோல் உரிந்து, கை வைத்தாலே பிசுபிசுத்தது. கார் ஆக்சஸரீஸ் கடையில் காட்டினேன். "அஞ்சு நிமிஷ வேலை சார், வெளிய உட்காருங்க" என்றார் கடைக்காரர். உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

என் வண்டியில் நாப்புக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். என் வண்டி நாப்புக்கு மரையே கிடையாது. அழுத்திச் செருகி, கிளிப்பில் நிற்பது. கடைப் பையன் தோல் உறையைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகியிருக்கிறான். சுற்றவில்லை என்றதும் மேலே இழுத்திருக்கிறான். 'டக்'கென்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. "கழண்டுருச்சு சார்!" என்றான். கழன்றதல்ல, வளையத்தின் கால் உடைந்த சத்தம்.

அதன்மேல் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற ஒரு நாப்பை வைத்து, பிளாஸ்டிக் குழல் செருகி, மூன்று பொடி ஸ்க்ரூவை முறுக்கி, போதாதென்று பசையும் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். மறுநாள் காலை வண்டி வெளியே வர மறுத்தது. வளையம் சும்மா ஆடுகிறது, ரிவர்ஸ் விழவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பின்னால் தள்ளினோம். அதற்கடுத்த நாள் மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்றும்போது நாப் கையோடு வந்தது. நடுரோட்டில், பின்னால் லாரி.

கடைக்குப் போனால், "உங்க லீவரே முன்னாடியே லூஸ் சார்." பழைய நாப் எங்கே? குப்பையில்.

கடைசியில் என் வழக்கமான மெக்கானிக்தான் உறையைக் கழற்றிக் காட்டினார். திருகிய வேகத்தில் லீவருக்குள் அதிர்வு தாங்க இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. நாப், வளையம், உறை மூன்றும் ஒரே செட்டாகத்தான் வரும் என்றார். முழுசாக வாங்க வேண்டியதாயிற்று.

நீங்கள் மாற்றுவதானால், முதலில் இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள கன்சோலிலிருந்து உறையை நெம்பி எடுத்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். மரை வகையா, கிளிப்பா, பக்கத்தில் அலன் கீ ஸ்க்ரூ இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். மரை என்றால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். பசை போட்டு இறுகியிருந்தால் ரெஞ்சை எடுக்கும் முன் ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பாருங்கள், இளகலாம். இழுத்து எடுக்கிற வகையில் முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். திடீரென்று விட்டால் தாடையில்தான் அடி விழும். புது நாப் வாங்கும்போது '10 மில்லிமீட்டர்' என்று மரையின் விட்டத்தை மட்டும் கேட்காதீர்கள், மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டரா 1.5-ஆ என்றும் பாருங்கள். மாறிப் போனால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் லீவரின் மரையைத் தின்றுவிடும். கடையில் பசை டியூபை எடுத்தாலே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பசை அப்பிய அந்த நாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "யூஸ் பண்ணதை எடுக்க மாட்டோம் சார்" என்கிறார்.