கொழும்புக் கணக்கில் பம்ப் வாங்கி மலையில் பூட்டாதீர்கள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரி. ஜெனரேட்டரிலிருந்து சூடாகத் திரும்பும் தண்ணீரைக் கூலிங் டவருக்கு ஏற்ற வாங்கிய பம்ப், பூட்டிய நாளிலிருந்தே சல்லிக்கல் அரைபடுகிற மாதிரிச் சத்தம் போட்டது. நாலாம் மாதம் கழற்றினால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் கறையான் அரித்த பலகை. "உங்கள் தண்ணீரில் மணல்" என்று வாரண்டியை மறுத்த விற்பனையாளர், கையோடு அதைவிடப் பெரிய எச்.பி.க்குக் கொட்டேஷன் நீட்டினார். காரணமும் பிழை, மருந்தும் பிழை.

மணல் தேய்த்தால் ஓட்டத்தின் திசையில் வழுவழுவென்று கோடு விழும். இங்கே இம்பெல்லர் இலைகளின் நுழைவாய்ப் பக்கம் மட்டும் பஞ்சுபோல் பொந்து பொந்தாக இருந்தது. அது கவிட்டேஷன். உறிஞ்சும் வாயில் அழுத்தம் போதாமல் தண்ணீர் ஆவிக் குமிழியாகிறது. உள்ளே போய் அழுத்தம் ஏறியதும் குமிழி நசுங்கி உலோகத்தைக் கொத்துகிறது.

கணக்கு இவ்வளவுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீற்றர் தண்ணீருக்குச் சமம். தலவாக்கலையின் 1200 மீற்றர் உயரத்தில் 8.9, நுவரெலியாவில் ஏறக்குறைய 8.2. சரிவில் கட்டிய ஃபெக்டரி, சூட்டுத் தொட்டி பம்புக்கு 3 மீற்றர் கீழே. 40 பாகை தண்ணீரின் ஆவியழுத்தம் 0.8. உறிஞ்சு குழாயின் ஃபுட் வால்வு, வடிகட்டி, மூன்று எல்போ எல்லாம் சேர்ந்து தின்பது 1.6. 8.9இலிருந்து இம்மூன்றையும் கழித்தால் மிச்சம் 3.5 மீற்றர். உறிஞ்சும் வாயில் பம்ப் கேட்பதோ 4. இதே பம்ப் கொழும்பில் 4.9 கிடைத்து ஓடியிருக்கும்! விற்றவர் எச்.பி.யையும் ஏற்றும் உயரத்தையும் மட்டும் பார்த்தார்; உறிஞ்சும் வாயில் பம்ப் எவ்வளவு அழுத்தம் கேட்கும் என்று காட்டும் என்.பி.எஸ்.எச். வளைகோட்டைப் பார்க்கவே இல்லை.

பம்பைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே இறக்கினால் அந்த 3 மீற்றர் கழிவு போய்விடும். முடியாவிட்டால் உறிஞ்சு குழாயை ஒரு சைஸ் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 2900 சுற்றுக்குப் பதில் அதே அளவு தண்ணீர் தரும் 1450 சுற்றுப் பம்ப் கேளுங்கள். அது கேட்கும் அழுத்தம் வெகுவாகக் குறையும். பம்ப் வாயில் பெரிய குழாயைச் சிறிய வாயோடு இணைக்கும் ரெடியூசர் வந்தால் மேல்பக்கம் தட்டையானதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அங்கே காற்றுத் தங்கும். கிடைக்கும் அழுத்தம் பம்ப் கேட்பதைவிட 1 மீற்றராவது கூட இருக்கட்டும்.

மாற்றும்வரை ஓட்டியே ஆகவேண்டுமென்றால் வெளியேறும் பக்க வால்வைச் சத்தம் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள், எஞ்சின் சூட்டு மீற்றரில் ஒரு கண் வைத்தபடி. உறிஞ்சும் பக்க வால்வைத் தொடவே கூடாது. அதை நெரித்தால் இம்பெல்லர் இன்னும் சீக்கிரம் போகும்.