கம்பி மத்தாப்பில் எழுதிப் படம் எடுக்க மொபைலா, கேமராவா?

மொபைலே போதும் என்பவர்கள் எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து லாங் எக்ஸ்போஷர் எஃபெக்ட் (ஒளி நகர்ந்த தடம் முழுவதையும் ஒரே படத்தில் கோடாகக் காட்டுவது) போட்டால் கையில் இருப்பது மொத்தமே சுமார் 3 நொடி. ஒரு வட்டம் போடலாம், மிஞ்சினால் ஓர் எழுத்து. ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை நாமே வைக்கலாம், அது இதைவிட மேல். ஆனால் பெரும்பாலான மொபைல்களில் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாது, வம்பு அங்கேதான்.

மத்தாப்புக் கோடு வெள்ளையாகப் பொரிந்துபோனால் பலரும் உடனே நொடியைக் குறைக்கிறார்கள். அதனால் கோடு மாறாது. கை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு புள்ளியில் ஒளி நிற்பது கண நேரம்தான், ஷட்டர் 5 நொடி திறந்திருந்தாலும் 15 நொடி திறந்திருந்தாலும் கோட்டுக்கு ஒன்றுதான், பின்னணிதான் வெளிச்சமாகும். கோட்டைத் தீர்மானிப்பது அபர்ச்சர், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்), கையின் வேகம். கேமராவில் ஐஎஸ்ஓவைக் குறைத்து 100, அபர்ச்சரைச் சுருக்கி எஃப்/11 என்று வைத்தால் பொறிகள்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

சரி, கேமராவிலும் நொடியை முன்பே வைப்பதா, அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடா? நான் பல்ப் பக்கம். 8 நொடி வைத்து மகளை 'அம்மா' எழுதச் சொன்னேன், அவள் 'ம்' புள்ளியில் நிற்கும்போதே ஷட்டர் மூடிக்கொண்டது. பல்பில் அவள் முடிக்கும்வரை ரிமோட்டை அழுத்திக்கொண்டு நின்றால் போதும். அந்தப் புள்ளிக்கும் பல்ப்தான் வசதி: பேனாவைப் போல மத்தாப்பைத் தூக்கி வைக்க முடியாதே, எழுத்திலிருந்து புள்ளிவரை ஒரு வால் இழுத்துவிடும். கை நகரும் அந்த நொடியில் லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து எடுத்தால் வால் விழாது. ஒலிம்பஸ் கேமராக்களின் லைவ் காம்போசிட்டில் (புதிதாக விழும் ஒளியை மட்டும் படத்தில் சேர்த்துக்கொண்டே போகும் மோட்) கோடு வளர்வதைத் திரையிலேயே பார்க்கலாம், பின்னணியும் வெளுக்காது, இருப்பவர்களுக்கு யோகம்.

முகமும் தெளிவாக வேண்டும் என்றால் ஃபிளாஷ் வேண்டும், அதுவும் ரியர் கர்ட்டனில், அதாவது ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால். தொடக்கத்திலேயே ஃபிளாஷ் அடித்தால் 'எடுத்தாச்சு' என்று என் அம்மா கையை இறக்கிவிடுவார். ஃபோகஸை முதலில் டார்ச் அடித்துப் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இருட்டில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். ட்ரைபாட் எதற்கானாலும் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், மத்தாப்பு அணைந்த பிறகும் கம்பி சுடும்.

மொபைலோ கேமராவோ, பின்பக்கக் கேமராவைப் பார்த்து நின்று எழுதினால் எழுத்து இடவலம் மாறித்தான் விழும். படத்தைத் திருப்பினால் எழுத்து சரியாகிவிடும், அப்பாவின் சட்டைப்பைதான் வலப்பக்கம் போய்விடும். இதுவரை அப்பாவைத் தவிர யாரும் கண்டுபிடிக்கவில்லை.