மேடையில் எவ்வளவு, ஸ்டுடியோவில் எவ்வளவு: மூன்று முதல் லைவ் ஆல்பங்கள்

எழுபதுகளின் ஹார்ட் ராக்கில் ஒரே ஒரு லைவ் ஆல்பம் வாங்குவதென்றால் எது? இந்தக் கேள்விக்கு மூன்று பெயர்கள் தவறாமல் வரும். கிஸ் குழுவின் 'அலைவ்!' (1975), தின் லிஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978), ஏசி/டிசியின் 'இஃப் யூ வான்ட் ப்ளட் யூ'வ் காட் இட்' (1978). மூன்றுமே அந்தந்தக் குழுவின் முதல் லைவ் ஆல்பம். டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' எங்கே என்று கேட்பவர்களுக்கு: அவர்கள் அதற்கு முன்பே, 1969இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு லைவ் பதிவு செய்துவிட்டார்கள். அதனால் அது இந்தப் பந்தியில் உட்கார முடியாது.

மறைக்காமல் சொல்லிவிடலாம்: இங்கே தராசு ஏசி/டிசி பக்கம்தான் சாய்கிறது. பாட்டுகளின் தரம், வாசிப்புத் திறமை என்று பார்த்தால் தின் லிஸி ஒரு படி மேலே நிற்கலாம். ஆனாலும் தீர்ப்பு மாறாததற்குக் காரணம், மேடையில் பதிவானதில் பிற்பாடு ஸ்டுடியோவில் எவ்வளவு கை வைத்தார்கள் என்ற ஒரே விஷயம்.

ஓவர்டப், அதாவது மேடைப் பதிவின் மேல் ஸ்டுடியோவில் மீண்டும் பாடி, வாசித்துச் சேர்ப்பது, பாவமல்ல. அந்தக் காலத்தில் பெரும்பாலும் எல்லோரும் செய்தார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் தங்கள் முதல் லைவ் ஆல்பத்தில் பாட்டுக்குரலையே திரும்பப் பாடிச் சேர்த்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேடையில் கிதார் ஆம்ப்ளிஃபயரின் சத்தம் அதற்கு முன்னால் வைத்த மைக்கில் மட்டும் விழாது. டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகளிலும், பாடகர் மைக்கிலும் கசியும். ஒரு தப்பான நோட்டை ஸ்டுடியோவில் மாற்றி வாசித்தாலும், பழைய நோட்டு டிரம்ஸ் மைக்கில் மெல்லியதாக உயிரோடு இருக்கும். அதை மறைக்க அந்த மைக்கின் அளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் அரங்கின் காற்றும் கூடவே போய்விடும். பிறகு அந்த வெற்றிடத்தை நிரப்பக் கூட்டத்தின் ஆரவாரத்தைத் தனியாக எடுத்து மேலே பூச வேண்டும். அதிகம் பழுது பார்த்த லைவ் ஆல்பங்களில் வாத்தியங்கள் வறண்டும், கைதட்டல் மட்டும் ஈரமாகவும் கேட்பது இதனால்தான்.

'அலைவ்!' இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டெட்ராய்ட்டின் கோபோ அரங்கு உட்பட 1975இன் நான்கு நிகழ்ச்சிகளில் பதிவு செய்து, நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் எடி க்ராமர் அதைச் செப்பனிட்டார். உயரக் குதிகால் பூட்ஸோடு குதித்துக்கொண்டே வாசித்தால் நோட்டு தவறத்தான் செய்யும், வாய் மைக்கை விட்டு விலகத்தான் செய்யும். அதையெல்லாம் சரிசெய்ததையும், கூட்டத்தின் சத்தத்தை லூப் போட்டு (ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு) சேர்த்ததையும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். வணிகமாகப் பார்த்தால் இது பிழைக்க வைத்த ஆல்பம். மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள் பெரிதாகப் போகாமல், அவர்களின் ரெக்கார்டு நிறுவனமான காசாபிளாங்காவே பணமுடையில் இருந்தபோது, இதிலிருந்து வந்த 'ராக் அண்ட் ரோல் ஆல் நைட்' அமெரிக்கப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த ஆரவாரம் பாட்டுக்குப் பதில் சொல்லாமல், குழாயில் தண்ணீர் ஓடுவது மாதிரி ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்.

தின் லிஸி விவகாரம் அவ்வளவு சுலபமில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் (நவம்பர் 1976), பிலடெல்பியா, டொராண்டோ (அக்டோபர் 1977) நிகழ்ச்சிகளிலிருந்து தொகுத்தது. ஆல்பத்தில் முக்கால் பங்கு ஸ்டுடியோவில் செய்தது, டிரம்ஸும் கூட்டமும்தான் மேடையில் எடுத்தவை என்கிறார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. கிதார் கலைஞர் பிரையன் ராபர்ட்சன் இதை அடியோடு மறுத்தார். பின்னணிக் குரல்களும் சில கிதார் பகுதிகளும்தான் மாற்றியவை, மேடையில் சத்தம் அவ்வளவு அதிகம், எல்லா மைக்கிலும் எல்லாமே கசிந்திருக்கும்போது முழுசாக மாற்றவே முடியாது என்பது அவர் வாதம். மேலே சொன்ன கசிவுக் கணக்கு அவருக்குத்தான் சாதகம்.

இதை இப்போது ஓரளவு நாமே சோதிக்கலாம். 2023இல் வந்த எட்டு டிஸ்க் பெட்டியில் அந்த லண்டன், பிலடெல்பியா, டொராண்டோ நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஆல்பத்தின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, முதலில் டிரம்ஸ் உருட்டல்களை மட்டும் கவனித்து, அவை எந்த இரவோடு அச்சாகப் பொருந்துகின்றன என்று கண்டுபிடியுங்கள். டிரம்ஸை மாற்றவில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை, ஆகவே அதுதான் மூலப்பதிவு. பிறகு பேஸ் கிதாரையும் குரலையும் ஒப்பிட்டால் ஒட்டுப்போட்ட இடங்கள் தெரிந்துவிடும். ஆல்பத்தையும் அந்த இரவின் பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். சத்தம் கூடிய பதிவு எப்போதும் நல்லது மாதிரி ஏமாற்றும். எப்படியானாலும், 'ஸ்டில் இன் லவ் வித் யூ'வின் இந்த வடிவத்துக்கு முன்னால் 1974இன் ஸ்டுடியோ வடிவம் ஒத்திகை மாதிரிதான் கேட்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வராது.

இனி ஏசி/டிசி. பெரும்பகுதி 1978 ஏப்ரல் 30 அன்று கிளாஸ்கோவின் அப்பல்லோ அரங்கில் எடுத்தது. தயாரிப்பு ஹாரி வாண்டாவும், குழுவின் கிதார் கலைஞர்களான மால்கம், ஆங்கஸ் யங் சகோதரர்களின் அண்ணன் ஜார்ஜ் யங்கும். யங் குடும்பத்தின் சொந்த ஊர் கிளாஸ்கோதான். ஒரு இடத்தில்கூட ஸ்டுடியோவில் தொடவில்லை என்று சத்தியம் செய்வதற்கில்லை. ஆனால் கூட்டத்தைக் கேளுங்கள். 'ஹோல் லாட்டா ரோசி'யின் தொடக்கத்தில் கிதார் நின்று நின்று வரும் ஒவ்வொரு இடைவெளியிலும் அரங்கமே "ஆங்கஸ்!" என்று கத்துகிறது. தாளத்துக்குள் விழும் அந்தக் கத்தலை லூப்பாகப் பூசுவது சுலபமில்லை. வாசிப்பவர்களும் கேட்பவர்களும் ஒரே அறையில் ஒரே நொடியில் இருந்திருக்க வேண்டும். பாடகர் பான் ஸ்காட்டின் குரல் சில வரிகளில் மூச்சு வாங்குகிறது, யாரும் அதை இஸ்திரி போடவில்லை. மால்கமும் ஆங்கஸும் இரு பக்கமாகப் பிரிந்து வாசிப்பதால், ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றினால் ஒருவரின் ரிதம் வாசிப்பை மட்டும் பின்தொடரலாம். கிதார் பழகுகிறவர்களுக்கு இது இலவச வகுப்பு.

குறைகளும் உண்டு. வினைலில் மற்ற இரண்டும் இரட்டைத் தட்டுகள், பக்கத்துக்குச் சுமார் 19 நிமிடம். இதுவோ பத்துப் பாட்டு, சுமார் 52 நிமிடம், அத்தனையும் ஒரே தட்டில். முதல் பக்கம் மட்டுமே ஏறக்குறைய 28 நிமிடம். இவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமானால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அப்போது சத்த அளவும் கீழ்ஸ்தாயி ஒலியும் குறையும், மேற்பரப்பின் பொரிச்சல் தூக்கலாகத் தெரியும். போதாததற்கு, தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால் உச்ச ஸ்தாயிகள் சிதறும். இந்த ஆல்பத்தில் அங்கே மாட்டிக்கொள்வது 'லெட் தேர் பி ராக்'கும் 'ராக்கர்'உம், அதாவது அதிகபட்சம் அலறும் இரண்டு பாட்டுகள். ஊசி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் சிம்பல் ஒலி மணலாகிவிடும்.

ஆகவே ஏசி/டிசியை சிடியாகவோ டிஜிட்டலாகவோ வாங்குங்கள். வினைல்தான் வேண்டும் என்றால் அந்தப் பணம் தின் லிஸிக்குப் போகட்டும், அங்கே பள்ளங்களுக்கு இடம் தாராளம். தின் லிஸியை டிஜிட்டலில் கேட்பவர்கள் பாட்டுகளுக்கிடையே இடைவெளி விடாத கேப்லெஸ் அமைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். 'கௌபாய் சாங்' முடியும் ஸ்வரத்தின் மேலேயே 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' ஏறுகிறது, நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தால் அந்த ஏற்றம் செத்துவிடும்.

கிளாஸ்கோ இரவில் வாசித்து ஆல்பத்தில் இடம் கிடைக்காத 'டாக் ஈட் டாக்' 2009இன் 'பேக்ட்ராக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. பிளேலிஸ்டில் அதைக் கடைசியில் ஒட்டாதீர்கள். 'ராக்கர்' முடிந்த பிறகு எந்தப் பாட்டும் நிற்காது. 'பேட் பாய் பூகி'க்குப் பின்னால் செருகினால் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.