மூடும் ஃபங்ஷனை எங்கே வைப்பது: பாயின்டரிலா, டெம்ப்ளேட்டிலா?

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடை மென்பொருளைப் பராமரிக்கிறேன். டிரெய்லர் ஏறி நின்றதும் எடையை லாக் ஃபைலில் எழுதும், பீஓபன் (வேறொரு புரோகிராமை ஓடவிட்டு அதற்கு ஒரு பைப் போடும் ஃபங்ஷன்) வழியே பிரின்டருக்குச் சீட்டை அனுப்பும். சி++ கண்ணுக்கு இரண்டும் ஒரே ஃபைல் பாயின்டர்தான். ஆனால் ஃபைலை எஃப்குளோஸால் மூட வேண்டும், பைப்பை பீகுளோஸால். அந்த ஃபங்ஷனை யூனிக் பாயின்டருக்கு (வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் பாயின்டர்) எப்படிக் கொடுப்பது?

ஃபங்ஷன் பாயின்டராகக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கலாம். எழுதச் சுலபம், எல்லோருக்கும் புரியும். எந்த ஃபங்ஷனையும் சுமக்கும் ஸ்டட் ஃபங்ஷனும் (std::function) உண்டு, ஆனால் 64 பிட் ஜிசிசியில் அது மட்டுமே 32 பைட். இந்த வேலைக்கு அதிகம்.

நான் எடுத்தது டெம்ப்ளேட் வழி. சி++17-இல் வந்த 'டெம்ப்ளேட் ஆட்டோ' பாராமீட்டரில் ஃபங்ஷன் பெயரையே கொடுத்து, அதைக் கூப்பிடும் காலி ஸ்ட்ரக்ட் ஒன்றை டெலீட்டராக (யூனிக் பாயின்டருக்காக மூடும் வேலையைச் செய்வது) வைப்பது. பாயின்டர் வழியில் 16 பைட் ஆவது இதில் 8 பைட்டாகிறது. அது கிடக்கட்டும், ஃபைல் திறக்கும் இடத்தில் 8 பைட்டை யார் எண்ணுகிறார்கள்?

பராமரிப்புதான் எனக்கு முக்கியம். எஃப்குளோஸ், பீகுளோஸ் இரண்டுக்கும் சிக்னேச்சர் (வாங்கும், திருப்பித் தரும் டைப்புகள்) ஒன்றே. பாயின்டர் வழியில் பைப்புக்கு எஃப்குளோஸைக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. உபுன்டுவில் ஓட்டினாலும் தெரியாது. அங்குள்ள ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் எஃப்குளோஸே, பீஓபன் தொடங்கிய சைல்டு பிராசஸுக்காகக் காத்திருந்து முடித்துவிடுகிறது. அதே நிரலை ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்கு மாற்றுங்கள் (நான் சொல்வது டாக்கர் கன்டெய்னர், லாரியில் வருவதல்ல). அங்கே மஸ்ல் லைப்ரரி; அதன் எஃப்குளோஸ் காத்திருக்காது. சீட்டுக்கு ஒரு ஸோம்பி (முடிந்தும் பட்டியலை விட்டு நீங்காத பிராசஸ்) சேரும். பிராசஸ் வரம்பு நிரம்பினால் பீஓபன் தோற்கும், சீட்டு வராது, டிரெய்லர் மேடையை விட்டு இறங்காது, பின்னால் வரிசை எண்ணூர்ச் சாலைவரை நீளும். டெம்ப்ளேட் வழியில் பீகுளோஸ் அந்த டைப்பின் பாகம். பைப் என்று ஒரு டைப், லாக் என்று ஒரு டைப். தலைப்பு ஃபைலில் ஒரே முறை எழுதினால் போதும். ஒன்றை மற்றதற்கு மூவ் செய்யப் பார்த்தால் கம்பைலே ஆகாது. புதிதாகச் சேரும் பையன் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

குறையும் உண்டு. இரண்டு வகையையும் ஒரே வெக்டரில் போட முடியாது. எரர் மெசேஜ் பக்கம் பக்கமாக வரும். பழைய சி++11 கம்பைலர் என்றால் ஃபங்ஷனின் டைப்பையும் தனியாக எழுத வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரில் டெம்ப்ளேட்டுகள் கோடு அளவை எவ்வளவு ஊதும் என்பதில் என் பேச்சை நம்ப வேண்டாம், என் அனுபவம் லினக்ஸ் பெட்டியோடு சரி.

அப்புறம், எடை காட்டும் இன்டிகேட்டர் எந்தக் கம்பெனியுடையது என்பதை கான்ஃபிக் ஃபைல் படித்துத்தான் முடிவு செய்கிறோம். அது ஓடும்போதுதான் தெரியும் என்பதால் அங்கே டெம்ப்ளேட் உதவாது, பாயின்டர்தான் வைத்திருக்கிறேன்.