தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: சென்று பார்த்தவரின் மதிப்புரை

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் தரங்கம்பாடி சென்று, நகர வாசலுக்குள் நுழைந்து டேனிஷ் கோட்டையை நோக்கி நடந்தால், ஜெர்மானிய மறைபணியாளர் சீகன்பால்க் கட்டி 1718-இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் தெருவோரத்திலேயே நிற்கிறது. முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை உண்டு. ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது பலிபீடத்தருகே உள்ள சீகன்பால்கின் கல்லறைதான்.

1706 ஜூலை 9 அன்று இக்கரையில் இறங்கிய அந்த ஜெர்மானியர், சிறு பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பழகி, டேனிஷ் ஆளுநரின் பகைமையால் ஏறத்தாழ 4 மாதங்கள் சிறையிருந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் இவ்வூரிலேயே அச்சிட்டு முடித்தவர்; 1719-இல் மறைந்தபோது அவருக்கு வயது 36 மட்டுமே. (என் பாட்டி தலைமாட்டில் வைத்திருந்த வேதாகமத்தின் வேர் இங்கே இருக்கிறது என்ற எண்ணத்தில் கண் கலங்கியது.)

அவர் வாழ்ந்த இல்லம் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. முதலில் அங்கே அச்சுக்கலையின் வரலாற்றைப் பார்த்துவிட்டு, பிறகு ஆலயத்துக்கு வருவதே சிறந்தது. ஞாயிறு காலையில் ஆராதனை நடைபெறும் என்பதால், சுற்றிப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.