5600ஆ, 5600ஜியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு ரைசன் 5 5600 ப்ராசஸர் வாங்கவா, 5600ஜி வாங்கவா?" இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), இரண்டும் உட்காருவது ஒரே ஏஎம்4 மதர்போர்டில். கூலரும் பெட்டியிலேயே வரும்.

கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் தனி அட்டை) இல்லாமல்:
5600 – திரை இருட்டுதான்.
5600ஜி – தானே படம் காட்டும். வேலரண்ட் மாதிரி லேசான கேம் ஓடும். ஆனால் ரேமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காதே, 8+8 போடு. ஒற்றையில் வேகம் படுத்துவிடும்.

பின்னால் கார்டு போட்டால்:
5600 – எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, பிசிஐஇ (கார்டோடு பேசும் பாதை) 4.0.
5600ஜி – 16 எம்பி, 3.0. கொஞ்சம் பின்தங்கும்.

கார்டுக்கும் சேர்த்துக் காசு இருந்தால் 5600. அடுத்த ஓணத்துக்குத்தான் கார்டு என்றால் ஜி. அப்புறம், இந்த இரண்டிலும் பின்கள் சிப்பின் அடியில் இருக்கும், ஒன்று வளைந்தாலும் வம்பு. கோவையில் வாங்கினால் வேலந்தாவளம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வா.